மே மாத மொட்டைமாடியில் 80 பேர்: அவரவரே பிடித்துக் குடிக்கும் பான மேசையை எப்படிப் போடுவது?

கேள்வி: மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மே மாத ஞாயிறு ஒன்றில் வீட்டு விசேஷம். மாலை 4 முதல் 8 வரை. 80 பேர் வருவார்கள், அதில் 20 பேர் பிள்ளைகள். பாட்டில் பானம் வாங்க விருப்பமில்லை. ஆள் வைத்து ஊற்றிக் கொடுக்காமல், வருகிறவர்களே பிடித்துக் குடிக்கிற மாதிரி ஒரு மேசை போட வேண்டும். என்னென்ன வைக்கலாம், எவ்வளவு, எப்படி?

பதில்:

சித்திரைத் திருவிழாச் சமயத்தில் உங்கள் ஊர்த் தெருக்களில் நீர்மோர்ப் பந்தல் பார்த்திருப்பீர்கள். அண்டாவுக்குப் பின்னால் ஒருவர் நின்று மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருப்பார். பார்க்க ஒரே வேலை மாதிரி இருக்கும். ஆனால் அவர் ஒவ்வொரு முறையும் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்குகிறார், அளவாக ஊற்றுகிறார், கூட்டம் குறைந்ததும் தட்டு போட்டு மூடுகிறார், எச்சில் டம்ளர் அண்டாவுக்குள் போகாமல் பார்த்துக்கொள்கிறார், தீரப்போகிறது என்று முன்கூட்டியே உள்ளே குரல் கொடுக்கிறார். அந்த ஆளை எடுத்துவிட்டால் இந்த ஐந்து வேலையும் நின்றுபோகும். பான மேசை சொதப்புகிற வீடுகளில் எல்லாம் இந்த ஐந்தில் ஏதோ ஒன்றுதான் விடுபட்டிருக்கும். ஆகவே மேசை விரிப்பு, பூ, தோரணம் எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளிவிட்டு, இந்த ஐந்தையும் பாத்திரமும் குழாயும் இடமும் எப்படிச் செய்யப்போகின்றன என்று முதலில் பாருங்கள்.

அளவு. மே மாத மாலையில் வந்தவுடன் முதல் ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு இரண்டு டம்ளர் போகும். பிறகு மணிக்கு ஒன்று. டம்ளருக்கு 200 மில்லி என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஆளுக்கு ஒரு லிட்டர். மொத்தம் 80 லிட்டர். இதில் பாதி வெறும் தண்ணீராகவே இருக்கட்டும். எத்தனை பானம் வைத்தாலும் கடைசியில் ஜனங்கள் தேடுவது தண்ணீரைத்தான், அதுவும் சாப்பாட்டு நேரத்தில். மீதி 40 லிட்டரில் நீர்மோர் 20, பானகம் 10, எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத் 10. காரமும் உப்பும் உள்ளது ஒன்று, வெல்லத்தில் ஒன்று, சர்க்கரையில் ஒன்று. இந்த மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவது பானம் வைத்தால் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று யோசிப்பார்கள், வரிசை நீளும், நான்குமே கால்வாசி மிஞ்சும்.

எதை வைக்கக் கூடாது என்பதும் முக்கியம். மதுரையில் விசேஷம் என்றால் ஜிகர்தண்டா இல்லையா என்று கேட்பார்கள். அது பிசின், சர்பத், சுண்டிய பால், ஐஸ்கிரீம் என்று அடுக்கடுக்காக ஒருவர் போட்டுக் கொடுக்க வேண்டிய பொருள், குழாயில் வராது. ஆசையாக இருந்தால் தனியாக ஆள் வைத்துக் கொடுங்கள். ரோஸ்மில்க் உள்பட எந்தப் பால் பானமும் 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே நிற்கக் கூடாது. யாரும் கண்காணிக்காத மேசையில் அந்தக் கணக்கை வைத்திருக்க முடியாது. பதநீர் காலையில் இறக்கியது மாலைக்குள் புளிக்கத் தொடங்கிவிடும். இளநீரை வெட்டி டிரம்மில் ஊற்றி வைத்தால் ருசி மாறிவிடும். தர்பூசணிச் சாறு அரை மணியில் மேலே தண்ணீர், கீழே சக்கை என்று பிரிந்து குழாயை அடைக்கும். தர்பூசணியைத் துண்டு போட்டுத் தட்டில் வையுங்கள், அதுவே நல்லது.

இனி பாத்திரம். வாடகைப் பாத்திரக் கடைகளில் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் 10, 20 லிட்டர் அளவுகளில் கிடைக்கும். மூன்று எடுங்கள். எல்லாமே 10 லிட்டராக இருப்பது நல்லது. இல்லையென்றால் 20 லிட்டர் டிரம்மில் பத்துப் பத்தாக ஊற்றுங்கள். இணையத்தில் அழகாகத் தெரிகிற கண்ணாடிக் குடுவைகளில் பெரும்பாலும் 5 லிட்டர்தான் பிடிக்கும், அதாவது 25 டம்ளர். 80 பேருக்கு அது அரை மணிகூடத் தாங்காது. எலுமிச்சையும் மோரும் புளிப்பு. ஆகவே அலுமினியப் பாத்திரமும், ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களும் வேண்டவே வேண்டாம். டிரம் எவர்சில்வராக இருந்து குழாய் மட்டும் பித்தளையாக இருப்பதும் உண்டு. மோருக்கு அந்த டிரம்மை எடுக்காதீர்கள்.

குழாயைக் கையால் திருப்பிப் பாருங்கள். திருகுகிற குழாய் என்றால் பிள்ளைகள் திறந்துவிட்டுப் பாதி மூடிப் போய்விடுவார்கள். அழுத்தினால் வந்து, கையை எடுத்தால் தானே நிற்கிற குழாய்தான் இந்த வேலைக்கு ஏற்றது. முந்தின நாளே டிரம்மை எடுத்து வந்து, குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் துடையுங்கள். வெளியே பளபளவென்று இருக்கும் டிரம்மிலும் குழாயின் உள்பக்கத்தில் போன வாரத்துப் பானம் வழவழவென்று ஒட்டியிருக்கும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் குழாய் வழியாகவே வெளியேற்றுங்கள். பிறகு மாட்டி, டிரம்மைத் தண்ணீரால் நிரப்பி, காய்ந்த செய்தித்தாள் மேல் வைத்து 15 நிமிடம் விடுங்கள். காகிதம் நனைந்தால் வாஷர் போயிருக்கிறது. அரை அங்குல வாஷர் பக்கத்து ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்காது. அதனால்தான் முந்தின நாள் என்றேன்.

டிரம்மில் இன்னும் இரண்டு விஷயம். மூடி இறுக்கமாக இருந்தால், பானம் இறங்க இறங்க உள்ளே காற்று போக வழியில்லாமல் குழாய் ‘களக் களக்’ என்று விக்கி நின்றுவிடும். வருகிறவர் அடைத்துக்கொண்டது என்று நினைத்து மூடியைத் திறந்து டம்ளரை உள்ளே விடுவார். ஆகவே மூடியை லேசாக வைத்து, அதற்கும் டிரம்முக்கும் நடுவே இரட்டையாக மடித்த மல் துணி போட்டுக் கட்டிவிடுங்கள். காற்று போகும், ஈ போகாது, கையும் போகாது. அடுத்து, குழாய் அடியிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. மேலேதான் பொருத்தியிருப்பார்கள். அதற்குக் கீழே நிற்பது வராது. தீரும் சமயத்தில் ஆளாளுக்கு டிரம்மைச் சாய்ப்பார்கள். முதலிலேயே பின்பக்கம் இரண்டு செ.மீ. மரக்கட்டை கொடுத்து முன்னால் லேசாகச் சாய்த்து வையுங்கள். நிறைய இருக்கும்போது டிரம் அசையாது. காலியாகும்போதுதான், குழாயை அழுத்துகிற வேகத்தில் முன்னால் கவிழப் பார்க்கும். கைப்பிடியில் கயிறு போட்டு மேசைச் சட்டத்தோடு கட்டிவிடுவது அவசியம்.

தண்ணீருக்கு டிரம் வேண்டாம். குழாய் வைத்த மண்பானை இரண்டு, ஒவ்வொன்றும் 15 லிட்டர் பிடிப்பது போல எடுங்கள். பானையின் சின்னத் துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து வெளிப்பக்கத்தில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று வறண்டிருந்தால்தான் இது நன்றாக நடக்கும். மதுரை, திருச்சி, வேலூர் மாதிரி உள்நாட்டு ஊர்களில் பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் அதே பானை அவ்வளவாகக் குளிராததும் இதனால்தான். கடலோர ஊரில் இருப்பவர்கள் பானையை நம்பாமல் ஐஸ் பாட்டிலை நம்பலாம். புதுப் பானையை ஒரு நாள் முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஈர மணல் பரப்பிய தாம்பாளத்தில், நிழலில், காற்று படுகிற இடத்தில் வையுங்கள். மூலையில் சுவரோடு ஒட்டி வைத்தால் பாதிப் பயன்தான். அலசிய வெட்டிவேர் ஒரு பிடியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டால் மணம் இருக்கும்; முடியாமல் போட்டால் குழாயில் நார் சிக்கும். பானை குளிர்விக்கப் பல மணி நேரம் எடுக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முந்தின நாள் மாலையே நிரப்புங்கள். 5 மணிக்குத் தீர்ந்து கேனிலிருந்து ஊற்றினால் அது வெதுவெதுவென்றுதான் இருக்கும். அதனால் மறுநிரப்புத் தண்ணீரைத் தனியாகக் குளிரவைத்திருங்கள்: ஒரு லிட்டர் பாட்டில்கள் நான்கில் முக்கால்வாசி தண்ணீர் பிடித்து உறையவைத்து, வெளிப்பக்கம் கழுவி, மறுநிரப்புக்கு வைத்திருக்கும் தண்ணீருக்குள் போட்டு வைத்தால் போதும். பானைக்குள் மோரோ சர்பத்தோ ஊற்றாதீர்கள். நெய்ப்பும் உப்பும் துளைகளில் ஏறினால் அந்தப் பானை அதற்குப் பிறகு தண்ணீருக்கு உதவாது.

ஐஸ் கணக்குதான் பலருக்கும் தவறிப்போகிற இடம். 32 டிகிரியில் இருக்கிற 10 லிட்டர் தண்ணீரை 10 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய இரண்டரைக் கிலோ ஐஸ் கரைய வேண்டும். கரைந்தால் அது இரண்டரை லிட்டர் தண்ணீர். சரியான ருசியில் கலந்து வைத்துவிட்டு மேலே ஐஸைக் கொட்டினால், நான்கு பங்கு பானத்தில் ஒரு பங்கு தண்ணீரை ஊற்றிவிட்ட கதைதான். ஆகவே கரையப்போகிற ஐஸையும் தண்ணீராக எண்ணி, முதலிலேயே அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கலக்க வேண்டும். கீழே சொல்கிற அளவுகள் அப்படிப் போட்டவைதான். அதே 10 லிட்டரை ஃப்ரிட்ஜில் வைத்து முன்பே 20 டிகிரிக்கு இறக்கியிருந்தால் ஒரு கிலோ சொச்சம் ஐஸ் போதும். ஃப்ரிட்ஜில் இடம் இருக்கிறவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஐஸ் எங்கே வாங்குகிறீர்கள் என்பதைப் பாருங்கள். உண்ணத் தகாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் விதித்திருக்கிறது. மீன், மருந்து குளிர்விக்கச் செய்கிற பாளம் அது. நிறம் இல்லாவிட்டாலும், சாக்கு போட்டு இழுத்து வருகிற பாளத்தைப் பானத்துக்குள் போடாதீர்கள். பையில் அடைத்து விற்கிற உண்ணத் தகுந்த ஐஸ் வாங்குங்கள்; அல்லது காய்ச்சி ஆறிய தண்ணீரை அரை லிட்டர் டிபன் டப்பாக்களில் ஊற்றி வீட்டிலேயே உறையவையுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜ் ஒரு நாளில் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் உறையவைக்காது. நான்கு நாள் முன்பே தொடங்கினால்தான் சேரும். உங்களுக்குப் பானங்களுக்குள் போட 7 கிலோவும், கைவசம் 4, 5 கிலோவும் தேவைப்படும். ஐஸைத் தனிக் கிண்ணத்தில் மேசைமேல் வைக்காதீர்கள். இடுக்கி வைத்தாலும் இரண்டாவது நிமிடத்தில் யாராவது கையை விடுவார்கள்.

ஐஸ் போட்ட டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுவதைப் பார்த்திருக்கலாம். பானைக்குப் பொருந்துவது இதற்குப் பொருந்தாது. டிரம் 8, 10 டிகிரியில் இருக்கும்போது அதை ஒட்டியிருக்கிற ஈரம் அவ்வளவு சீக்கிரம் ஆவியாவதில்லை. மாறாக ஈரத் துணி வெளிச் சூட்டை உள்ளே கடத்தத்தான் செய்யும். ஐஸ் டிரம்முக்கு உலர்ந்த கனமான துணி, பழைய கம்பளி அல்லது மடித்த கோணிதான் சுற்ற வேண்டும்.

நீர்மோர், ஒரு தடவைக்கு 10 லிட்டர் (இப்படி இரண்டு தடவை): தயிர் இரண்டரைக் கிலோ, தண்ணீர் 6 லிட்டர், ஐஸ் ஒன்றரைக் கிலோ, உப்பு 50 கிராம், இஞ்சி 50 கிராம், பச்சை மிளகாய் 6, கறிவேப்பிலை இரண்டு கொத்து, பெருங்காயத் தூள் அரைத் தேக்கரண்டி. பிள்ளைகள் இருப்பதால் மிளகாயை ஏற்றாதீர்கள். தயிர் முந்தின இரவு உறைக்கு ஊற்றி, உறைந்தவுடன் ஃப்ரிட்ஜில் ஏற்றியதாக இருக்கட்டும்; வெளியே விட்டால் மே மாதச் சூட்டில் மத்தியானத்துக்குள் கடுத்துவிடும். தயிரை நன்றாகச் சிலுப்பி, திரண்ட வெண்ணெயை எடுத்தே ஆக வேண்டும். எடுக்காத மோரில் ஐஸ் விழுந்ததும் வெண்ணெய் மணிமணியாக உறைந்து, நேராகக் குழாய்க்குள் போய் உட்காரும். இஞ்சி, மிளகாய், கறிவேப்பிலையைத் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் பிழிந்த சாறு மட்டும் சேருங்கள். கடுகு தாளிப்பது, கொத்தமல்லி நறுக்கிப் போடுவது எல்லாம் மொண்டு ஊற்றுகிற மோருக்கு. இங்கே நறுக்கிய கொத்தமல்லியைப் பக்கத்தில் மூடி போட்ட கிண்ணத்தில் சின்னக் கரண்டியோடு வையுங்கள்.

மோரில் இன்னொரு தொல்லை, அடியில் படிவது. அரை மணி நேரம் கலக்காமல் நின்றால் மேலே தெளிநீர், அடியில் கெட்டி. குழாய் அடியில் இருப்பதால் முதலில் பிடிப்பவருக்குக் கெட்டி மோர், கடைசியில் வருபவருக்கு உப்புத் தண்ணீர். மிக்ஸியில் ஓடவிட்டுக் கலந்தால் படிவது மெதுவாகும், ஆனால் நிற்காது. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை நீளக் கரண்டியால் அடிவரை கலக்க ஆள் வேண்டும். ஊற்றுகிற ஆளின் ஐந்து வேலையில் எந்த ஏற்பாட்டாலும் ஈடுசெய்ய முடியாதது இது ஒன்றுதான். வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை ஒன்றிடம் இதை ஒப்படைத்துவிடுங்கள்: கலக்க வேண்டும், குழாய் நுனியைத் துடைக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்று மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கைபேசியில் 20 நிமிட மணி வைத்துக்கொடுத்தால் மறக்காது.

பானகம் 10 லிட்டருக்கு: வெல்லம் ஒன்றரைக் கிலோ, தண்ணீர் ஆறரை லிட்டர், ஐஸ் 2 கிலோ, எலுமிச்சம்பழம் 10, சுக்குத் தூள் 20 கிராம், ஏலக்காய் 10 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, பச்சைக் கற்பூரம் ஒரு அரிசி அளவு. பச்சைக் கற்பூரம் என்பது நாட்டு மருந்துக் கடையில் சமையலுக்கென்று கேட்டு வாங்குவது. பூஜைக்கு ஏற்றுகிற சூடம் வேறு, அது விஷம். கடைக்குப் பிள்ளைகளை அனுப்பினால் இதைச் சொல்லி அனுப்புங்கள். வெல்லம் கருத்த பழுப்பாக இருப்பதே நல்லது; வெளிர் மஞ்சள் நிறத்துக்காக ரசாயனம் போட்டு வெளுக்கிறார்கள். ஆறரை லிட்டரில் இரண்டு லிட்டரைச் சூடாக்கி வெல்லத்தைக் கரைத்து, கொதிக்கவிடாமல் இறக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மல் துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். முதல் வடிகட்டலில் கரும்புத் தும்பும், தெளியவிட்ட பாத்திரத்தின் அடியில் மண்ணும் நிற்கும். அந்தக் கடைசிக் கரண்டியை ஊற்றாதீர்கள். உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் பாதிக்குப் பாதி போடலாம், ருசியே வேறு. அதில் சுண்ணாம்புப் படிவம் இருக்கும் என்பதால் இன்னும் நிதானமாகத் தெளியவிட வேண்டும். சுக்கையும் ஏலத்தையும் துணி முடிச்சில் கட்டி அந்தச் சூட்டிலேயே ஊறவிட்டு எடுத்துவிடுங்கள். தூளாகப் போட்டால் அடியில் தங்கி, கடைசி இருபது டம்ளர் தொண்டையைக் கமறவைக்கும். எலுமிச்சைச் சாற்றை ஆறிய பிறகே சேருங்கள்.

நன்னாரி சர்பத் 10 லிட்டருக்கு: சர்பத் பாகு ஒன்றரை லிட்டர், எலுமிச்சைச் சாறு 600 மில்லி (நடுத்தரப் பழம் 22 முதல் 25), தண்ணீர் 6 லிட்டர், ஐஸ் 2 கிலோ, கால் தேக்கரண்டி உப்பு. கடைப் பாகுகள் பலவற்றில் நிறமும் செயற்கை வாசனையும் சேர்த்திருப்பார்கள். வீட்டில் செய்வது கடினமில்லை. 80 கிராம் நன்னாரி வேரைக் கழுவித் தட்டி, நடுவில் இருக்கிற கட்டைத் தண்டை எறிந்துவிட்டு, பட்டையை மட்டும் ஒரு லிட்டர் கொதித்த தண்ணீரில் போட்டு மூடி இரவு முழுக்க வையுங்கள். வேரைக் கொதிக்கவைத்துக்கொண்டே இருந்தால் மணம் ஆவியோடு போய்விடும். மறுநாள் வடிகட்டினால் 800 மில்லிபோல் கிடைக்கும். அதில் 1 கிலோ 200 கிராம் சர்க்கரை போட்டு, கரைகிற அளவுக்கு மட்டும் சூடாக்கி இறக்கினால் ஒன்றரை லிட்டர் பாகு. எலுமிச்சையைப் பிழியும்போது விதை விழாமல் பாருங்கள். விதையும் தோலும் ஊறினால் இரண்டு மணி நேரத்தில் கசப்பு ஏறும். பழத்தை வட்டமாக நறுக்கி மிதக்கவிடுவது படத்துக்கு அழகு, நாக்குக்குக் கேடு.

பாகைப் பாட்டிலில் வைத்து ‘வேண்டியதை ஊற்றிக்கொள்ளுங்கள்’ என்று விடாதீர்கள். பிள்ளைகள் கால் டம்ளர் பாகு ஊற்றி, இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவார்கள். கலந்தே வையுங்கள். சப்ஜா விதை போட விரும்பினால் டிரம்முக்குள் போடாமல் தனிக் கிண்ணத்தில்: இரண்டு மேசைக்கரண்டி விதைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், இருபது நிமிடத்தில் ஊதிவிடும்.

மூன்றுக்கும் பொதுவாக ஒன்று: குளிர்ந்த பானத்தில் இனிப்பு நாக்குக்குக் குறைவாகவே தெரியும். ருசி பார்ப்பதை ஐஸ் கரைந்த பிறகு பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது சரியாக இருந்தது, குளிர்ந்ததும் சப்பென்று இருக்கும்.

இடம். 4 மணிக்கு வெயில் மேற்கே இருந்து சாய்வாக அடிக்கும். தலைக்கு மேல் ஷாமியானா இருந்தாலும் மேற்குப் பக்கம் திறந்திருந்தால் மேசை வெயிலில்தான் நிற்கும். பந்தல்காரரிடம் அந்தப் பக்கத்துக்குத் திரை கேட்டு வாங்குங்கள், அல்லது மாடிப்படி அறையின் கிழக்குச் சுவர் நிழலில் மேசையைப் போடுங்கள். படி ஏறி வருகிற வாசலிலேயே போடாதீர்கள், வந்தவர் எல்லாம் அங்கேயே நின்று வழி அடைபடும். எட்டுப் பத்து அடி தள்ளி, ஏறியவுடன் கண்ணில் படுகிற இடம் சரி. சாப்பாட்டு வரிசைக்கு எதிர்ப்பக்கமாக இருக்கட்டும். மேசையைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் விட்டால் வரிசை பாதியாகும்.

ஆறடி வாடகை மேசையின் பலகை நடுவில் தொய்யும். மூன்று டிரம்மும் நிரம்பினால் 30 கிலோவுக்கு மேல். ஆகவே இரண்டு டிரம்மைக் கால்களுக்கு நேர் மேலே இரு முனைகளிலும், மூன்றாவதைத் தனி ஸ்டூலிலும் வையுங்கள். அந்த ஸ்டூல் முக்கால் அடி குட்டையாக இருந்தால் அதில் பானகத்தை வைத்துப் பிள்ளைகள் பக்கமாகத் திருப்பிவிடலாம். டிரம்மின் அடி முழுக்க மேசைமேல் உட்கார்ந்திருக்க, குழாய் மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் டம்ளரைக் கீழே பிடிக்க முடியும், டிரம்மை உயர்த்த வேண்டியிருக்காது. ஒவ்வொரு குழாய்க்கும் நேர் கீழே வாளி, வாளிக்குக் கீழே மடித்த கோணி. மாடித் தரையில் பதித்த ஓடு நனைந்தால் வழுக்கும். பானகம் சிந்தினால் ஒட்டும், பிறகு எறும்பு. மேசைக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். விளக்கை மேசைக்கு நேர் மேலே கட்டாமல் பத்தடி தள்ளிக் கட்டுங்கள். இருட்டியதும் வருகிற பூச்சிகள் விளக்கடியில்தான் விழும்.

மேசையின் வரிசை இப்படி: முதலில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள், பிறகு மோர், சர்பத், அவற்றின் சேர்மானக் கிண்ணங்கள். தண்ணீர்ப் பானைகளை இந்த மேசையில் வைக்கவே வேண்டாம். நாலைந்து அடி தள்ளித் தனியாக வையுங்கள். தண்ணீர் மட்டும் வேண்டுகிறவர் சர்பத் வரிசையில் நிற்கக் கூடாது. சாப்பாட்டுப் பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது.

டம்ளர் எவர்சில்வர்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் பூசிய காகித டம்ளர், பிளாஸ்டிக் ஸ்ட்ரா எல்லாம் தடை. அதை விட்டாலும், 80 பேர் ஐந்து தடவை குடித்தால் 400 டம்ளர் குப்பை. வாடகைக்கு 150 எடுங்கள். கழுவ ஒருவர் இருந்தால் அது சுற்றிச் சுற்றி வந்துவிடும். குடித்த டம்ளர் போட அகலமான தொட்டியை மேசையிலிருந்து ஆறேழு அடி தள்ளி, ஆனால் குடித்துவிட்டுத் திரும்பினால் நேராகத் தெரிகிற மாதிரி வையுங்கள். ரொம்பத் தள்ளினால் டம்ளர் கைப்பிடிச் சுவர்மேல் போய் உட்காரும். ரொம்பப் பக்கத்தில் வைத்தால் எது கழுவியது, எது எச்சில் என்று குழம்பும். தொட்டியில் பாதித் தண்ணீர் இருந்தால் காய்ந்த பானகத்தைத் தேய்க்கிற வேலை மிச்சம்.

ஒவ்வொரு டிரம்மிலும் பெரிய எழுத்தில் அட்டை: ‘நீர்மோர் - காரம் உண்டு’, ‘பானகம் - வெல்லம்’, ‘நன்னாரி - சர்க்கரை’. சர்க்கரை நோய் உள்ளவர் இல்லாத கூட்டம் நம்மிடம் கிடையாது. வெல்லம் போட்டதால் பானகம் அவர்களுக்கு ஆகும் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆகாது. அந்த அட்டையிலேயே ‘இனிப்பு’ என்றும் சேர்த்து எழுதுங்கள். வயதானவர்களை இந்த மேசைக்கு நடக்கவிடாமல், மோர் கலக்குகிற அந்தப் பிள்ளையையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள்.

நேரக் கணக்கு: சனிக்கிழமை காலை டிரம் சோதனை, மாலை பானை நிரப்புவது, இரவு தயிர் உறை, நன்னாரி வேர் ஊறல். ஞாயிறு காலை பாகும் வெல்லக் கரைசலும் செய்து ஃப்ரிட்ஜில். 2 மணிக்கு எலுமிச்சை பிழிவது. மூன்றரைக்கு ஐஸ் சேர்த்து டிரம்களில் ஊற்றுவது. அதற்கு முன் மேலே எதையும் ஏற்றாதீர்கள். இரண்டாவது தடவை நீர்மோரைக் கலக்காமல், தயிராகவே ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, டிரம்மில் இரண்டு விரல் உயரம் மிஞ்சும்போது கலந்துகொள்ளுங்கள். பழைய மோரின் மேலேயே புதியதை ஊற்றாமல், மிச்சத்தைப் பிடித்துவிட்டு டிரம்மை ஒரு தடவை அலசி ஊற்ற வேண்டும். இல்லையென்றால் பழையதன் புளிப்பு புதியதற்கும் ஏறும். 6 மணிக்கு மேல் நின்ற முதல் மோர் எவ்வளவு மிஞ்சினாலும் கொட்டிவிடுங்கள்.

குழாய் திடீரென்று நின்றால் மூடியைத் தூக்கிப் பாருங்கள். தூக்கியதும் வந்தால் காற்றுதான் காரணம். அப்படியும் வராவிட்டால் அடைப்பு: டம்ளர் தண்ணீரை வாயகன்ற சிரிஞ்சிலோ சின்ன பாட்டிலிலோ எடுத்துக் குழாய் வாயில் வைத்து மேல்நோக்கி அழுத்தினால், அடைத்தது உள்ளே திரும்பிவிடும். குச்சியை விட்டுக் குத்தாதீர்கள், வாஷர் கிழிந்து இரவு முழுக்க ஒழுகும். விசேஷம் முடிந்ததும் டிரம்களைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், குழாயைத் திறந்து இரண்டு குடம் தண்ணீர் ஓடவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். பானகம் காய்ந்த குழாய் மறுநாள் திரும்பாது, கடைக்காரர் வாடகையோடு குழாய்க்கும் சேர்த்துக் கேட்பார்.